ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டாவது விநாடியில் ஒரு கைத்தட்டு

ஹொசேயா டில்லார்ட் தன் வாழ்நாளில் எங்கேயும் தாமதமாகப் போனதில்லை. சரியான நேரத்துக்குப் போனதும் இல்லை. எப்போதும் முன்னதாகவே போய் நிற்பார்.

டெட்ராய்ட் நகரப் பேருந்தில் முப்பத்தோரு வருடம் ஓட்டுநராக இருந்தவருக்கு இது நல்ல குணம்தானே என்று தோன்றலாம். இல்லை. நேரத்துக்கு முன்னால் வண்டியை எடுப்பது எங்கள் ஊர்ப் பேருந்துத் துறையில் தாமதத்தைவிடப் பெரிய குற்றம். தாமதமாக வரும் பேருந்தைத் திட்டிக்கொண்டே ஏறிவிடலாம். முன்னதாகப் போய்விட்ட பேருந்தில் ஏற வழியில்லை. இந்தக் குற்றத்துக்காக அவருக்கு வந்த எச்சரிக்கைக் கடிதங்கள் ஒன்பது. ஒன்பதையும் நான் பார்த்திருக்கிறேன். இரண்டில் தேதி தவறு.

அவர் திருமணம் 1972 ஜூன் 17, சனிக்கிழமை. போதகர் "இந்தப் பெண்ணை" என்று ஆரம்பித்ததுமே ஹொசேயா "ஆமாம்" என்று சொல்லிவிட்டார். போதகர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "தம்பி, நான் இன்னும் கேக்கவே இல்ல" என்றாராம். மணப்பெண் வெர்லீன் தேவாலயப் பாடகர் குழுவில் முன்வரிசைக்காரி. தாளம் என்பது அவளுக்கு ஒழுக்கம் மாதிரி. முப்பது பேர் பாடும்போது ஒருவர் தாளம் தப்பினாலும் அவள் கழுத்து அந்தப் பக்கம் திரும்பும்.

இத்தனை குறிப்புகள் கையில் இருந்தும் நான் இருபத்தொரு வருடம் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

எங்கள் ருடெல் மேப்ரி தனிப்பாடல் ரசிகர் சங்கம் 1983 ஏப்ரல் 10 அன்று டில்லார்ட் வீட்டின் நிலவறையில் ஆரம்பித்தது. மரப்பலகை அடித்த சுவர், ஒரு சின்ன மது மேடை, சிவப்புத் தோல் வைத்த ஆறு முக்காலிகள். அதிலிருந்து ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு, ஆராதனை முடிந்து சாப்பிட்ட பிறகு, மாலை நான்கு மணி. நான் செயலாளர். கார் தொழிற்சாலையின் உதிரிபாகக் கிடங்கில் முப்பத்து நான்கு வருடம் இருந்தவனிடம், ஒவ்வொரு பாட்டின் விவரத்தையும் எழுதி வைக்கும் அட்டைக் குறிப்புகளை ஒப்படைத்ததில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை.

ருடெல் மேப்ரி முதலில் ஐந்து பேர் கொண்ட ஒரு குழுவில் இரண்டாம் குரலாக இருந்தார். அந்தப் பாட்டுகளைத்தான் உலகம் கல்யாணங்களில் போட்டு ஆடுகிறது. ஐந்து ஒரே மாதிரி கோட்டு, ஐந்து ஒரே மாதிரி திரும்பல். அதில் அவர் குரல் நெரிசலான பேருந்தில் நிற்கும் ஆள் மாதிரி யார் மீதும் இடிக்காமல் நின்றது. 1968-இல் வெளியே வந்து, நான்கு வருடங்களில் தனியாகப் பதினோரு பாட்டுகள் பாடினார். எதுவும் பெரிதாக விற்கவில்லை. அந்தப் பதினொன்றுக்காகத்தான் எங்கள் சங்கம். குழுப் பாட்டைக் கூட்டத்தில் முணுமுணுப்பவர் அடுத்த மாதம் எல்லோருக்கும் கெளுத்தி மீன் பொரித்துக் கொண்டுவர வேண்டும் என்பது விதி. மீன் வேண்டும் என்று தோன்றினால் யாராவது பக்கத்தில் இருப்பவரை முணுமுணுக்கத் தூண்டிவிடுவார்கள்.

தனியாகப் பாடும்போது அவர் அடுக்களை மேசைக்கு எதிரே உட்கார்ந்து பேசுகிறவர் மாதிரி பாடுவார். கடினமான வரி வருவதற்கு முன்னால் ஒரு மூச்சு எடுப்பார். அதை இசைத்தட்டில் கேட்கலாம். வரியைவிட அந்த மூச்சுதான் பாட்டு என்று எங்கள் தலைவி ஆரீலியா ஸ்ட்ரோடர் சொல்வார். பள்ளித் தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவர். அவர் சொன்னால் நாங்கள் எழுதிக்கொள்வோம்.

பதினொன்றில் ஆறாவது பாட்டு, 'உன் கோட்டு இங்கேதான் இருக்கிறது'. பதிவான நாள் 1969 அக்டோபர் 14, செவ்வாய். பிரிந்து போனவளுக்குத் தொலைபேசியில் பேசும் ஒருவன். மழைக்காலம் வருகிறது, கோட்டையாவது எடுத்துக்கொண்டு போ என்கிறான். இரண்டாம் பகுதி முடிந்ததும் எல்லா வாத்தியமும் தாளக் கைத்தட்டும் நின்றுவிடும். நான்கு எண்ணிக்கைக்கு முழு மௌனம். அவள் பதில் சொல்வதற்காக அவன் காத்திருக்கும் இடம் அது. பிறகுதான் அந்த மூச்சு, அந்த வரி. கேட்கிறவர்களும் அவனோடு சேர்ந்து காத்திருக்கும் அந்த மௌனத்தில், மூன்றாவது எண்ணிக்கையில், யாரோ ஒரு புண்ணியவான் தன்னந்தனியாக ஒரு முறை கையைத் தட்டியிருக்கிறார்.

ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டாவது விநாடி. நான் நிறுத்துகடிகாரம் வைத்து நாற்பது முறை பார்த்திருக்கிறேன்.

முதலில் எங்களுக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு பழகியது. பிறகு அது இல்லாமல் அந்தப் பாட்டைக் கேட்க முடியாது என்றாகிவிட்டது. அந்த இடம் வந்தால் நிலவறையில் இருக்கும் முப்பத்தோரு பேரும் மீன் தட்டைக் கீழே வைத்துவிட்டு ஒன்றாக ஒரு தட்டுத் தட்டுவோம். தட்டிவிட்டுச் சத்தமில்லாமல் சிரித்துக்கொள்வோம். அதற்குப் பிளம்பர் தட்டு என்று பெயர்.

அந்தப் பெயரைக் கொடுத்தவர் ஹொசேயா. சங்கத்தின் முதல் கூட்டத்திலேயே அவர் சொன்ன கதை இது. பத்தொன்பது வயதில் அவர் ஒரு சலவைக் கடையில் வேலை பார்த்தார். ருடெல் மேப்ரியின் கோட்டைத் தேய்த்து எடுத்துக்கொண்டு ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போயிருக்கிறார். அந்தக் காலத்தில் பாட்டுக்குத் தாளமாகக் கைத்தட்டு வேண்டுமென்றால் கட்டிடத்தில் இருக்கும் எல்லோரையும் கூப்பிடுவார்கள். சத்தம் நன்றாக முழங்குவதற்காகக் குளியலறையில் நிறுத்துவார்கள்.

"நான் தொட்டிக்குள்ள நின்னேன்" என்பார் ஹொசேயா. "தண்ணி இல்லாத தொட்டிதான். ஆனா சோப்பு இருந்துச்சு. வழுக்காம நின்னு தட்டுறதுன்னா சும்மாவா?"

"அப்போ அந்தத் தப்புத் தட்டு யாரோடது?" என்று யாராவது கேட்பார்கள்.

"பைப்பு ரிப்பேர் பண்ண வந்த பிளம்பர் ஒருத்தன், கை கழுவுற தொட்டிகிட்ட நின்னான். குண்டா இருந்தான். அவனுக்குத் தாளமும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது. அவனைக் குழாய்க்குள்ளயே விட்டு அடைச்சிருக்கணும்."

இந்தக் கதையை அவர் 1983-இல் சொன்னபோது குளியலறையில் ஐந்து பேர். 1988-இல் எட்டு. 1996-இல் ருடெல் மேப்ரி அவர் தோளில் கை வைத்து நன்றி சொன்னார். மாறாமல் இருந்தவை இரண்டுதான்: தொட்டியும் பிளம்பரும். வெர்லீன் நிலவறைப் படியில் நின்றபடி, "டில்லார்ட், அடுத்த வருஷம் தொட்டியில குதிரை ஒண்ணும் நின்னுச்சுன்னு சொல்லு" என்பாள். அவர் அந்தப் பாட்டில் இருக்கிறார் என்பதையே அவள் நம்பவில்லை. மகள்கள் இருவரும் நம்பவில்லை. பேருந்துப் பயணிகளிடமும் சொல்லியிருக்கிறார். அவர்கள் இறங்கும் அவசரத்தில் இருந்தார்கள்.

அவருக்கு வேண்டியது ஒன்றுதான். என் அட்டையில், ஆறாவது பாட்டுக்குக் கீழே, கைத்தட்டியவர்கள் என்ற இடத்தில் அவர் பெயர். ஒவ்வொரு வருடமும் கேட்பார். எழுத்தில் ஆதாரம் இல்லாமல் அட்டையில் எதுவும் ஏறாது என்று ஒவ்வொரு வருடமும் நான் சொல்வேன்.

"உங்க அட்டை நாசமாப் போக, அண்ணே" என்பார், ஆனால் மரியாதையாக.

2004-இல் அந்தப் பாட்டுக்கு முப்பத்தைந்து வருடம் நிறைவு. அக்டோபர் 17, ஞாயிற்றுக்கிழமை, தேவாலய மண்டபத்தில் விழா என்று முடிவு செய்தோம். பதினோரு பாட்டிலும் பங்கெடுத்த ஒவ்வொருவர் பெயரும் உள்ள சிறு புத்தகம் அச்சாகும். உயிரோடு இருப்பவர்கள் முன்வரிசையில் உட்காருவார்கள். ஹொசேயா செப்டம்பரிலேயே புதுத் தொப்பி வாங்கிவிட்டார்.

அக்டோபர் 6, புதன்கிழமை, எனக்கு ஒரு தடித்த உறை வந்தது. அன்றைய ஒலிப்பதிவாளர் இறந்து நான்கு வருடமாகிறது. கிளீவ்லாந்தில் இருக்கும் அவர் மகள் வீட்டைக் காலி செய்யும்போது அவருடைய பதிவேட்டைக் கண்டெடுத்து, எங்கள் பாட்டுகள் சம்பந்தப்பட்ட பக்கங்களை நகல் எடுத்து அனுப்பியிருந்தார். நான் கையைக் கழுவிவிட்டு வந்து பிரித்தேன்.

1969 அக்டோபர் 14. கைத்தட்டு, குளியலறை, ஏழு பேர். ஏழு பெயரும் இருந்தன. ஏழாவது: டில்லார்ட், சலவைக் கடைப் பையன், தொட்டிக்குள். அதற்குக் கீழே, ஆறாவது பதிவு முயற்சிக்கு நேராக, பென்சிலில் இப்படி: "சலவைப் பையன் நிறுத்தத்தில் முந்திக்கொண்டு தட்டிவிட்டான். நன்றாக ஏசினேன். ருடெல் இருக்கட்டும் என்கிறார்."

பிளம்பர் இல்லை. நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். அன்றைக்கு அந்தக் கட்டிடத்தில் எந்தக் குழாயும் ஒழுகவில்லை.

மறுநாள் பதினொன்றே காலுக்குக் கடைசி நிறுத்தத்தில் அவர் பேருந்தில் ஏறினேன். ஒன்பது நிமிட ஓய்வு அவருக்கு. வண்டியில் வேறு யாரும் இல்லை. நகலைக் கொடுத்தேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"என் பேரு இருக்கு" என்றார்.

"இருக்கு. அதுக்குக் கீழயும் இருக்கு."

"அண்ணே, மேல உள்ளதை மட்டும் போடுங்க. கீழ உள்ளது பென்சில்லதானே இருக்கு. பென்சில் எல்லாம் ஆதாரமா?"

"ரெண்டுமே பென்சில்தான், தம்பி. பாதிப் பக்கத்தை நம்பி மீதிப் பாதியை மறைக்க எனக்கு வராது."

அவர் நகலை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். பிறகு சொன்னார்:

"பாட்டு முதல்ல ரேடியோவில வந்த அன்னிக்கு நான் வெர்லீனோட அம்மா வீட்டு அடுக்களையில இருந்தேன். அப்பதான் மெதுவா பழக்கம். 'இதுல நான் இருக்கேன்'னு சொல்ல வாயைத் திறந்தேன். அந்த இடம் வந்துச்சு. கையில இருந்த கரண்டியைக் கீழ வச்சுட்டு அவ கேட்டா, 'யாரு அந்த முட்டாப் பய? இவனை எல்லாம் எந்தப் பொண்ணு கட்டிக்குவா?' அப்பவே எனக்கு பிளம்பர் பொறந்துட்டான், அண்ணே."

"முப்பத்தஞ்சு வருஷமா?"

"ஒரு பொய்யை வச்சுக் காப்பாத்துறது சுலபம்னு நினைக்கிறீங்களா? அந்தாளு மேல எனக்கே கோபம் வர ஆரம்பிச்சிடுச்சு."

இதைச் சொல்லிக்கொண்டே அவர் கதவை மூடி வண்டியை எடுத்துவிட்டார். இரண்டு நிமிடம் பாக்கி இருந்தது. கைப்பையோடு ஒரு பெண் பின்னால் ஓடிவந்து கையை ஆட்டினாள். நான் சொன்ன பிறகு நிறுத்தினார்.

"என்னப்பா, உன் வீட்டுக் கல்யாணத்துக்கா போற?" என்று கேட்டுவிட்டு அவள் உட்கார்ந்தாள்.

உயிரோடு இருப்பவர் பெயரை அவர் சம்மதம் இல்லாமல் அச்சிடுவதில்லை என்பது எங்கள் ஏழாம் விதி. பின்னணி பாடிய ஓர் அம்மாள் தன் வயதை அச்சிட்டதற்காகச் சண்டைக்கு வந்த பிறகு ஏற்பட்டது. அதை நினைவுபடுத்தினேன்.

"அப்போ என் பேரே வேண்டாம்" என்றார். "போடாதீங்க."

வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போன புத்தகத்தில் ஆறாவது பாட்டுக்குக் கீழே ஏழு பேர் கைத்தட்டினார்கள் என்று போட்டு, ஆறு பெயர் கொடுத்திருந்தேன். பொய் இல்லை. கணக்கு மட்டும் உதைத்தது.

விழாவன்று மண்டபத்தில் எண்பத்து நான்கு பேர். முன்வரிசையில் பேஸ் கித்தார் வாசித்தவரும், பின்னணி பாடிய இரண்டு அம்மாள்களும், ஒரு காலி நாற்காலியும். ஹொசேயா தேவாலயத்தின் தலைமை வரவேற்பாளர். வெள்ளைக் கையுறையும் கறுப்புக் கோட்டுமாக வாசலில் நின்று வருகிறவர்களை உட்கார வைத்தார். புதுத் தொப்பியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். நான்கு மணிக் கூட்டத்துக்கு அவர் இரண்டேகாலுக்கே வந்துவிட்டதாக வெர்லீன் சொன்னாள்.

ஆரீலியா ஸ்ட்ரோடர் மேடையேறினார். "இன்னிக்கு உங்களுக்கு ஓர் ஆச்சரியம் வச்சிருக்கேன். செயலாளருக்குக்கூடச் சொல்லல. சொல்லியிருந்தா ஆதாரம் கேட்டிருப்பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். பக்கவாட்டுக் கதவு திறந்தது. ஒரு பெண் சக்கர நாற்காலியில் ஒரு கிழவரைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"இவர் ஆம்ப்ரோஸ் டீக். வயசு எண்பத்தாறு. அறுபதுகள்ல அந்த ஸ்டுடியோ இருந்த தெருவுல எல்லா வீட்டுக் குழாயையும் பார்த்தவர் இவர்தான். நம்ம சங்கப் பத்திரிகையில வந்த ஹொசேயா கதையைப் படிச்சுட்டு இவரோட பேத்தி எனக்குப் போன் பண்ணினா. நண்பர்களே, இதோ, பிளம்பர்."

எண்பத்து நான்கு பேரும் எழுந்து நின்றார்கள். இரண்டு அம்மாள்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பித்தளையில் ஒரு கை பதித்த மர நினைவுப் பலகையைக் கிழவரின் மடியில் வைத்தார்கள். கிழவர் நல்ல குண்டாகவும் இருந்தார். நான் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். தான் படைத்த ஆள் சக்கர நாற்காலியில் வந்து இறங்கியதைப் பார்த்து ஹொசேயா தூணோடு தூணாக நின்றார்.

ஒலிவாங்கியைக் கிழவரிடம் கொடுத்தார்கள். அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அந்தக் குளியலறையை அவர் பல முறை பழுது பார்த்திருக்கிறார். பத்திரிகையில் படித்ததையும் பேத்தி சொன்னதையும் சேர்த்து அவருக்கே நினைவு வந்துவிட்டது.

"கூப்பிட்டாங்க, தட்டினேன்" என்றார். "அந்த மௌனம் வந்ததும் இங்க ஒண்ணு வேணும்னு எனக்குத் தோணுச்சு. அதான் வேணும்னே ஒரு தட்டு வச்சேன். யோசிச்சு வச்சது."

மண்டபம் ஆரவாரித்தது. என் சட்டைப் பையில் நகல் இருந்தது. ஏழாம் விதியும் இருந்தது. நான் எழுந்திருப்பதா வேண்டாமா என்று முழங்காலில் கை வைத்தபோது வாசலில் இருந்து குரல் வந்தது.

"யோசிச்சு வைக்கல."

ஹொசேயா நடைபாதையில் நடுவில் வந்து நின்றார்.

"ஐயா, நீங்க பெரியவர். மன்னிக்கணும். ஆனா அது வேணும்னு தட்டினது இல்ல. அது தப்பு. சுத்தமான தப்பு. சோப்பு வழுக்கிடக் கூடாதேன்னு காலைப் பார்த்துட்டு இருந்தேன், எல்லாரும் இன்னும் காத்துட்டு நிக்கிறதைப் பார்க்கல. தட்டிட்டேன். அந்த ரெக்கார்டிங் இன்ஜினியர் என்னை ஏசின ஏச்சு இன்னும் காதுல இருக்கு. அதை யோசிச்சு வச்சதுன்னு சொல்லாதீங்க. நான் முப்பத்தஞ்சு வருஷமா அதைத் தப்பாவே வச்சிருக்கேன்."

தலைவி என்னைப் பார்த்தார். நான் ஹொசேயாவைப் பார்த்தேன், அவர் தலையசைத்தார். நகலை எடுத்து இரண்டு வரியையும் வாசித்தேன், பென்சில் என்பதையும் சேர்த்து. வாசித்து முடிக்கும் முன்பே பின்வரிசையில் சிரிப்பு ஆரம்பித்துவிட்டது. ஒன்பது எச்சரிக்கைக் கடிதமும் அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தானே.

வெர்லீன் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து நடைபாதைக்கு வந்தாள்.

"டில்லார்ட். அன்னிக்கு எங்கம்மா அடுக்களையில நீ வாயைத் திறந்துட்டு மூடினியே. அது இதுக்குத்தானா?"

"ஆமாம்."

"நான் இன்னும் கேட்டு முடிக்கல."

"சரி, முடி."

"'என்னைக் கட்டிக்கிறியா'ன்னு நீ கேக்க வந்தன்னு நான் நினைச்சுட்டு இருந்தேன். ரெண்டரை வருஷம் காத்திருந்தேன் தெரியுமா. இதுக்கு ஒரு குழாய்க்காரன் மேல பழி போட்டியா?"

"நீ முட்டாப் பயன்னு சொன்ன, வெர்லீன்."

"சொன்னேன். தாளத்தைச் சொன்னேன். எந்தப் பொண்ணு கட்டிக்குவான்னும் கேட்டேன். பதில் நான்தான் போல."

டீக் பெரியவர் மடியில் இருந்த பலகையைப் பேத்தியிடம் நீட்டி, "அந்தத் தம்பிகிட்ட குடு" என்றார். "எனக்கு இப்போ நல்லா ஞாபகம் வருது. நான் அந்தத் தொட்டியோட அடைப்பை எடுத்தவன். சோப்புதான் அடைச்சிருந்துச்சு." ஹொசேயா பலகையை வாங்க மறுத்தார். கடைசியில் காலி நாற்காலியில் ஹொசேயாவும் பக்கத்தில் பெரியவருமாக உட்கார்ந்தார்கள். பலகை இருவர் முழங்கால் மீதும் கிடந்தது.

பிறகு பாட்டைப் போட்டோம். இருபத்தொரு வருடமாகச் செய்வதை அன்று யாரும் செய்யக் கூடாது, அவர் ஒருவரே தட்டட்டும் என்று தலைவி சொன்னார். ஹொசேயா வலது கையுறையைக் கழற்றினார், பிறகு இடது. இரண்டையும் வெர்லீன் வாங்கிக்கொண்டாள். இரண்டாம் பகுதி ஓடியது. அவன் கோட்டைப் பற்றிச் சொன்னான். வாத்தியங்கள் நின்றன. எண்பத்து நான்கு பேர் மூச்சை அடக்கிக்கொண்டு அவர் கைகளையே பார்த்தோம்.

அவர் தட்டினார். அதற்குப் பிறகுதான் இசைத்தட்டில் இருக்கும் பத்தொன்பது வயதுப் பையன் தட்டினான்.

என் நிறுத்துகடிகாரத்தில் வித்தியாசம் பத்தில் ஆறு விநாடி. வெர்லீன் கையுறைகளால் முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்க, "இன்னும் முந்திக்கிட்டுதான் போறான்" என்றாள். அடுத்து வந்த மூச்சையும் வரியையும் சிரிப்பில் யாரும் சரியாகக் கேட்கவில்லை. எங்கள் சங்கத்தில் அப்படி நடந்தது அந்த ஒரே தடவை.

மீன் சாப்பிட்டு முடிப்பதற்குள் எண்பத்து நான்கு புத்தகத்திலும் ஏழாவது பெயரைப் பேனாவால் எழுதினேன். என்ன எழுதுவது என்று ஹொசேயாவிடம் கேட்டேன். பெயரை மட்டும் போடலாமே என்றார், பழைய ஆசையில். வெர்லீன் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொல்லச் சொல்ல எழுதினேன். இப்போது என் அட்டையிலும் அப்படியே இருக்கிறது: "ஹொசேயா டில்லார்ட், தொட்டிக்குள் நின்றவர், நிறுத்தத்தில் வரும் தட்டு இவருடையது, தவறு." அதற்கு அடுத்த வரியில், தொட்டி அடைப்பு, ஆம்ப்ரோஸ் டீக், எழுத்தில் ஆதாரம் கிடைக்கவில்லை என்று குறித்து வைத்திருக்கிறேன்.